முன்பக்கத்துப் பேட்டரி

பதினோரு மாதத்தில் ஐந்து பேட்டரி செத்தது. ஒரு டிரைவர் கையிலிருந்து வண்டி போனது. ஆகையால் இந்த வயர்லெஸ் செட்டை உங்கள் வண்டியில் நான் மாட்ட மாட்டேன். வேறு ஆளைப் பாருங்க.

டப்பாவை மேசை மேல் வைக்காதீங்க. ஆசிட் சிந்தின மேசை, அட்டை பொத்துப்போகும். மடியிலேயே வைத்துக்கொள்ளுங்க.

குவாரி டிப்பர்தானே? வெளியே நிற்கிறதே, பார்த்தேன். வெடி வைக்கிற நேரத்துக்கு டிரைவருக்குத் தகவல் சொல்லணும், அதுக்கு செட். நல்லதுதான். ஆனால் நான் தொட மாட்டேன். தெரியாமல் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருஷமாக ஒயரிங் பார்க்கிறேன்.

மழை வேறு பிடித்துக்கொண்டது. சரி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. விடுகிற வரைக்கும் சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதீங்க, எனக்கு அது ஆகாது.

கார் என்றால் ஒரு பேட்டரி. பன்னிரண்டு வோல்ட். லாரி, டிப்பருக்கெல்லாம் ரெண்டு. பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு. ரெண்டையும் ஒரு தடி ஒயர் போட்டுக் கோத்திருக்கும், அதற்கு லிங்க் என்று பேர். டேப் செட்டும் இந்த மாதிரி வயர்லெஸ் செட்டும் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிற சாமான்கள். இருபத்துநாலைக் கொடுத்தால் புகைந்துவிடும். அதனால் என்ன செய்வோம், லிங்க்கிலிருந்து ஒரு ஒயர் இழுப்போம். ரெண்டில் ஒரு பேட்டரி மட்டும் செட்டுக்குக் கரண்ட் கொடுக்கும். பன்னிரண்டு வந்துவிடும். கால் மணி நேர வேலை.

இது நான் கண்டுபிடித்ததில்லை. பொள்ளாச்சியில் அத்தனை பேரும் இப்படித்தான். தேங்காய் லாரி, நார் ஏற்றுகிற மஞ்சி லாரி, மாட்டு லாரி, முந்நூறு வண்டிக்காவது நான் டேப் மாட்டியிருப்பேன். ஒருத்தனும் திரும்பி வந்து டேப்பைக் குறை சொன்னதில்லை. பேட்டரி போய்விட்டது என்று வந்திருக்கிறார்கள். புதுசு போட்டு அனுப்பியிருக்கிறேன். அது வேறு. பேட்டரி என்றால் போகத்தான் செய்யும்.

மலை மேலே பனிச்சுனை என்று ஒரு எஸ்டேட். தேயிலை. ஆள்கள் குடியிருக்கிற லைன் வீடு ஒரு பக்கம், இலை பறிக்கிற பதினாலாம் நம்பர் காடு இன்னொரு பக்கம். நடுவில் பதினோரு கிலோமீட்டர். காலையில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் விடணும், சாயங்காலம் கூட்டிவரணும். ரோட்டில் யானை. முந்தின வருஷம் ஒரு ஆள் நடந்து வந்தவன் மாட்டிக்கொண்டான். அதற்கப்புறம் மேனேஜர் ரெண்டு பேரை யானை பார்க்கிறதுக்கென்றே போட்டார், யானைக்காரர்கள் என்று பேர். கையில் வாக்கி டாக்கி. யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று அவர்கள் சொல்லணும், லாரியில் இருக்கிற டிரைவர் கேட்டு வண்டியை நிறுத்தணும், திருப்பணும். செல்போன் அங்கே செங்கல் மாதிரி, கையில் வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

மேனேஜரை அங்கே எல்லாரும் துரை என்றுதான் சொல்வார்கள். துரை ஒரு உத்தரவு போட்டார். லாரியில் இருக்கிற செட்டை அணைக்கவே கூடாது. ராத்திரி லைன் வீட்டுப் பக்கம் கூட்டம் வந்தால் யானைக்காரர்கள் கூப்பிடுவார்கள், டிரைவர் ஹாரன் அடித்து ஊரை எழுப்பணும். இருபத்துநாலு மணி நேரமும் ஆனில் இருக்கணும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. எனக்கு அன்றைக்கு இது பெரிசாகப் படவில்லை.

தை மாதம் போய் மாட்டினேன். சுத்தமான வேலை, அதில் சந்தேகமே வேண்டாம். கேபின் கூரையில் ஓட்டை போட்டு ஏரியல், ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி எர்த், தண்ணி இறங்காமல் ரப்பர். டேஷ்போர்டுக்குக் கீழே பிராக்கெட். மைக் டிரைவர் கைக்கு எட்டுகிற மாதிரி கொக்கி. ஒயர் இன்ஜின் பக்கம் போகாமல் சுற்றிக் கொண்டுவந்து லிங்க்கில் பிடித்தேன். டப்பாவில் இங்கிலீஷில் ஒரு காகிதம் இருந்தது. காகிதம் பார்த்து வேலை செய்கிற ஆள் நான் இல்லை.

டிரைவர் பேர் தேவசகாயம். நாகர்கோவில் பக்கம். ஐம்பத்தாறு வயசு, ரிட்டையர் ஆக ஒன்றரை வருஷம். பேச்சு கம்மி. எனக்குப் பிடித்த ஆள்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே லாரிக்கு டேப் மாட்டினதும் நான்தான். ஆள்கள் இலை பறிக்கிற நேரத்தில் அரை மணி பாட்டுக் கேட்பான். கெட்ட பழக்கம் வேறு கிடையாது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வண்டி அவன் வீட்டுக்கு எதிரேதான் நிற்கும். நான் பேட்டரிப் பெட்டியைத் திறந்து வைத்துக் குனிந்திருக்கிறேன், அவன் பெண்டாட்டி ஒரு கையில் பால் விடாத கட்டஞ்சாயா, ஒரு கையில் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணி பாட்டில். தேவசகாயத்துக்குக் கிட்டத்தில் பார்வை மங்கல். பேட்டரி ஓட்டைக்குள் எவ்வளவு தண்ணி நிற்கிறது என்று தெரியாது. அதனால் வாரா வாரம் டார்ச் அடித்துப் பார்த்து ஊற்றுவது அவள் வேலை.

நின்று பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணாச்சி, ரெண்டு இருக்கே. ஒண்ணுலேருந்து மட்டும் எடுக்கீங்களே?"

"ஆமா."

"அப்போ மத்தது சும்மா இருக்குமா?"

"அம்மிணி, அடுப்புல என்னமோ தீயுது பாரு."

"அடுப்புல ஒண்ணும் வைக்கல அண்ணாச்சி."

தேவசகாயம் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வேலை நடுவில் கேள்வி எனக்கு ஆகாது என்று சொன்னேனே.

பங்குனியில் முதல் பேட்டரி போனது. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ரெண்டில் முன்பக்கத்தது, கேபினை ஒட்டி இருக்கிறது. பழசு, மூன்று வருஷம் ஆனது. புதுசு போட்டேன். வைகாசியில் அந்தப் புதுசு போனது. கம்பெனிக்காரனைத் திட்டி மாற்றி வாங்கினேன். வேறு கம்பெனி போட்டேன். சார்ஜ் போட்டாலும் நிற்கவில்லை. இந்தக் காலத்து ஈயம் ஈயமே இல்லை, என்ன செய்ய.

அப்புறம் ஆடி மாதம்.

எனக்கு நேரில் தெரியாது. விசாரணையில் சொன்னதைக் கேட்டதுதான். சாயங்காலம் அஞ்சரை. பனி இறங்கிவிட்டது, மழைத் தூறல். பதினாலாம் நம்பர் காட்டில் இலை நிறுக்கிற கொட்டகை. முப்பத்தொரு பேர் லாரியில் ஏறிவிட்டார்கள். வழக்கமாகத் தேவசகாயம் வண்டியை இறக்கத்தில்தான் நிறுத்துவான், செல்ஃப் எடுக்காவிட்டாலும் உருட்டி எடுத்துவிடலாம் என்று. ரெண்டு பேட்டரி போனதிலிருந்து அப்படிப் பழக்கம். அன்றைக்கு இறக்கம் முழுக்கச் சேறு, சமதளத்தில் நிறுத்தினான். சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செட்டைப் பார்த்தான், விளக்கே இல்லை. ஓடை வழியாகக் கூட்டம் இறங்குகிறது, ஏழு உருப்படி என்று யானைக்காரன் கத்திக்கொண்டே இருந்திருக்கிறான். கேட்கிறதுக்கு ஆள் இருந்தது, செட்டுக்கு உயிர் இல்லை.

இறங்கித் தள்ளினார்கள். சேற்றில் நகரவில்லை. எதிர்ப் புதரில் முதல் யானை தலையை நீட்டினதும் எல்லாரும் கொட்டகைக்குள் ஓடினார்கள். தகரத்தைத் தட்டிக்கொண்டே ரெண்டு மணி நேரம். கூட்டம் லாரியை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. குதித்தபோது ஒரு பெண்பிள்ளைக்கு மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். ஆபீசில் அவர், கணக்கெழுதுகிற ரைட்டர், யூனியன்காரர் ஒருத்தர், ஓரமாகத் தேவசகாயம். துரை நேராகக் கேட்டார்.

"பேட்டரி ஏன் இறங்குது?"

நான் வண்டியைப் பார்த்தேன். ஒயரில் குறை இல்லை. ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுகிறது. லிங்க்கில் என் கிளாம்ப் வைத்தபடி இருந்தது, துரு கூட இல்லை. டேப் செட்டில் ஒரு கேசட் பாதியில் நின்றிருந்தது. வேறு என்ன சொல்கிறது? நீங்கள் என்றால் என்ன சொல்வீங்க?

"இன்ஜினை நிறுத்திட்டுப் பாட்டுக் கேக்கறாருங்க" என்றேன்.

"எழுதித் தாங்க."

என் லெட்டர்பேடில் எழுதினேன். வண்டி நின்றிருக்கும்போது டேப் கேட்பதால் பேட்டரி இறங்குகிறது, ஒயரிங்கில் குறை எதுவும் இல்லை. கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். தேவசகாயம் என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்காத ஆளுக்கு நான் எப்படிப் பரிந்து பேசுவேன்?

வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவனைச் செடிக்கு மருந்தடிக்கிற ஆள்களோடு போட்டார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் என்று பேர். குற்றம் என்று முடிந்தால் வேலையே போகும். வேலை போனால் லைன் வீட்டைக் காலி செய்யணும். முப்பது வருஷம் குடியிருந்த வீடு, ஊரில் அவர்களுக்குக் கையகல மண் கிடையாது. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். ரைட்டர் சொன்னார். நான் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

டப்பாவைத் திறக்காதீங்க, தூசி போகும்.

பத்து நாள் கழித்து அவள் இங்கே வந்தாள். டிரைவர் பெண்டாட்டி. காலை பஸ்ஸில் இறங்கி, நீங்கள் உட்கார்ந்திருக்கிற அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை நான். ஒரு டிராக்டர் டைனமோவைப் பிரித்துப் போட்டிருந்தேன்.

"அண்ணாச்சி, அந்தக் கடிதாசியத் திரும்ப வாங்கணும்."

"எழுதினது எழுதினதுதான் அம்மிணி."

"ஆறு வருஷமா அதே பாட்டத்தான் கேக்காரு. ஆறு வருஷமா பேட்டரி சாகல. தை மாசத்துக்கு அப்புறந்தானே சாகுது?"

"பேட்டரி மட்டமா வருது."

"மட்டமா வந்தா ரெண்டும்லா சாகணும். எப்பவும் முன்னாடி உள்ளதுதான் சாகுது. பின்னாடி உள்ளது ஒருக்கா கூடச் சாகல. ஆனா தண்ணி அதுதான் குடிக்கி. முன்ன மாசத்துக்கு ஒரு மூடி ஊத்துவேன். இப்போ வாரத்துக்கு அரை பாட்டில். முன்னாடி உள்ளது ஒரு சொட்டுக் கேக்க மாட்டேங்கு. நான்தானே ஊத்துதேன், எனக்குத் தெரியாதா?"

இதைக் கேட்டதும் எனக்குப் புரிந்திருக்கணும் என்று நினைக்கிறீங்க. முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. தண்ணி அதிகம் குடித்தால் சார்ஜ் அதிகம் போகிறது என்று கடையில் சேர்ந்த முதல் வாரத்தில் தெரிந்துகொண்டவன் நான். ஆனால் அவள் சொன்னது காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. பேட்டரியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாளே என்பதுதான் உள்ளே போனது.

"தண்ணி ஊத்தறதோட நிறுத்திக்க அம்மிணி. ஒயரிங் என்னோட வேலை" என்றேன்.

போய்விட்டாள்.

வண்டிக்குப் புது டிரைவர் போட்டார்கள். பேச்சிமுத்து என்று ஒருத்தன். துரை டேப் செட்டையே கழற்றி ஆபீஸ் அலமாரியில் பூட்டிவிட்டார். அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள், நான்தான் கழற்றினேன். லிங்க்கில் என் வயர்லெஸ் ஒயர் மட்டும் இருந்தது. புரட்டாசி பிறந்ததும் முன்பக்கத்துப் பேட்டரி செத்தது. நாலாவது.

மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை கையில் துணிப்பை, அதில் ரெண்டு நாள் சோறு மாதிரி ஏதோ. வேலை முடியாமல் போகிறதில்லை என்று வந்த மாதிரி இருந்தது.

"இப்போ டேப்பே இல்ல அண்ணாச்சி. இப்போ யாரு பாட்டுக் கேக்கா?"

"புது டிரைவர் லைட்டை அணைக்க மறந்திருப்பான்."

"பேச்சிமுத்து மறக்கல. நான் தினம் போய்ப் பாக்கேன். வந்து ஒரே ஒரு வேல பண்ணுங்க. முன்னாடி உள்ளதைப் பின்னாடி வைங்க, பின்னாடி உள்ளதை முன்னாடி வைங்க. ஒரு மாசம் பாப்போம். எது சாகுதுன்னு பாப்போம்."

"அதெல்லாம் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னா வேண்டாம். நாப்பது வருஷமா எவனும் எங்கிட்ட மாத்தி வெச்சுப் பாருன்னு சொன்னதில்ல."

"சொன்னா கேப்பீங்களா என்ன?"

இந்த ஒன்றுதான் அவள் என்னைக் குத்திச் சொன்ன வார்த்தை. அதுவும் குரலை உயர்த்திச் சொல்லவில்லை. எதிரே தெரிகிறதே டீக்கடை, அங்கே போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அங்கே போர்வெல் லாரி ஒன்று நின்றது. திருச்செங்கோட்டு வண்டி. நாடு பூராவும் போகிறவர்கள். அவள் டிரைவரிடம் ஏதோ கேட்கிறாள், அவன் சிரிக்கிறான், கேபின் கதவைத் திறந்து சீட்டைத் தூக்கிக் காட்டுகிறான். இவள் படியில் ஏறி எட்டிப் பார்க்கிறாள். என்னைப் பற்றிக் குறை சொல்கிறாள், அல்லது மேலே போக லிஃப்ட் கேட்கிறாள் என்று நினைத்தேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு டைனமோவுக்குத் திரும்பினேன்.

சீட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்கு நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. கார்த்திகையில் பேச்சிமுத்து ஒரு பேட்டரி வாங்கிக்கொண்டு போனான். ஐந்தாவது. என்னை மேலே வரச் சொல்லவில்லை. நானே மாட்டிக்கொள்கிறேன் என்றான். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த எஸ்டேட் பேரைக் கேட்டாலே அலுப்பு வந்துவிடும் அப்போது.

தை கடைசியில் துரையிடமிருந்து ஆள் வந்தது. உடனே வரணும். போனேன். லாரி ஆபீஸ் வாசலில் நின்றது. துரை, ரைட்டர், பேச்சிமுத்து. தேவசகாயம் மருந்து டிரம்மை இறக்கி வைத்துவிட்டு அப்படியே வந்து நின்றிருந்தான். சட்டையெல்லாம் நீல மருந்து. இருமிக்கொண்டிருந்தான். முன்னால் அவனுக்கு இருமல் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவன் பெண்டாட்டி பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில்.

துரை சொன்னார். "இந்தம்மா என் வண்டியில என்னமோ பண்ணியிருக்கு. ரெண்டு மாசமா வண்டி ஒரு நாள் நிக்கல. செட்டும் நிக்கல. அது சரியா தப்பான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. தப்புன்னா கழட்டிடுங்க."

கழற்றுகிற எண்ணத்தோடுதான் குனிந்தேன். மறைக்கிறதுக்கு ஒன்றுமில்லை.

லிங்க்கில் என் கிளாம்ப் இல்லை. என் ஒயரைக் கழற்றி, சுருட்டி, ஓரத்தில் கட்டி வைத்திருந்தாள். சீட்டுக்கு அடியில் உள்ளங்கை அளவு ஒரு பெட்டி, அலுமினியம், முதுகில் வரி வரியாக. கன்வெர்ட்டர். ரெண்டு பேட்டரியிலிருந்தும் சேர்த்து இருபத்துநாலு உள்ளே போகிறது, பன்னிரண்டு வெளியே வருகிறது, அது செட்டுக்குப் போகிறது. எந்தப் பேட்டரியும் தனியாக உழைக்கிறதில்லை. ஃபியூஸ் கூடப் போட்டிருந்தாள். ஒயர் கூடுகிற இடத்தைத் தேயிலை மூட்டை தைக்கிற சணலால் இறுக்கிக் கட்டி, அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தாள். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

"என்ன பண்ணினே?" என்று கேட்டேன். துரை எதிரில் கேட்டாகணுமே.

அவள் துரையைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

"பேச்சிமுத்து கையக் காலைப் பிடிச்சு ரெண்டையும் இடம் மாத்தி வச்சேன் துரை. வருஷம் பூரா சாகாம நின்ன பேட்டரி, முன்னாடி வந்ததும் அஞ்சு வாரத்துல செத்துது. புதுசு பின்னாடி போனதும் தண்ணி குடிக்க ஆரம்பிச்சிது. பேட்டரியில தப்பு இல்ல. முன்னாடி இருக்க இடத்துலதான் தப்பு. அந்த இடத்துலேருந்து மட்டுந்தான் செட்டுக்கு ஒயர் போகுது. எந்நேரமும் ஆன்ல இருக்க செட்டு. போர்வெல் வண்டிக்காரரு இந்தப் பெட்டியக் காட்டுனாரு. இத வச்சா ரெண்டும் ஒண்ணா உழைக்கும்னாரு. ஒண்ணு வாங்கி வச்சேன். இப்போ ரெண்டும் தண்ணி ஒரே மாதிரிதான் குடிக்கி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மீட்டரை எடுத்தேன். இத்தனை நாளும் ரெண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பேன். இருபத்துநாலு, இருபத்தைந்து காட்டும், சரி என்று விட்டுவிடுவேன். அன்றைக்குத் தனித்தனியாக வைத்தேன். முன்னது பன்னிரண்டு புள்ளி ஆறு. பின்னது பன்னிரண்டு புள்ளி ஆறு. மறுபடியும் வைத்தேன். ஊசி மாறவில்லை.

டேப் என்றால் அரை மணி. செட் என்றால் இரவு பகலாக. அந்த ஒற்றைப் பேட்டரி நாளெல்லாம் செட்டுக்கு உழைத்து இறங்கும், வண்டி ஓடும்போது சார்ஜ் ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் போகும். இறங்கினதுக்குப் போதாது, நிறைந்ததற்கு அதிகம். ஒன்று பட்டினி, ஒன்று அஜீரணம். உங்களுக்கு ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு வருஷம் ஆனது.

துரை கேட்டார். "அப்போ அந்த லெட்டர்?"

"அன்னைக்குத் தெரிஞ்சதை எழுதினேனுங்க."

"இன்னைக்குத் தெரிஞ்சதை எழுதுங்க."

ரைட்டர் காகிதம் கொடுத்தார். வெள்ளைத் தாள், என் லெட்டர்பேடு கூட இல்லை. உட்கார்ந்தேன். ரெண்டு வரி. டிரைவர் மேல் தவறு இல்லை, ஒயர் எடுத்த இடம் தவறு. இதை எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. 'ஒயர் எடுத்தவர்' என்று எழுதுங்க என்றார் யூனியன்காரர். எங்கிருந்து வந்தாரோ, சரியாக அந்த நேரத்துக்கு வந்து நின்றார். 'நான் ஒயர் எடுத்த இடம்' என்று எழுதினேன். அதற்கு மேல் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

தேவசகாயம் சாவியை வாங்கினான். மருந்துக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். போகும்போது என் தோளைத் தொட்டு, "சாயா குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றான். குடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவனுக்கு அப்புறம் ஐந்து மாதம் சர்வீஸ் இருந்தது. வண்டியோடேயே ரிட்டையர் ஆனான். இருமல் மட்டும் போகவில்லை என்று கேள்வி.

என்னைக் கேட்டால், என் மேல் முழுத் தப்பு என்று சொல்ல முடியாது. ஊரே செய்கிற மாதிரிதான் செய்தேன். இன்றைக்கும் இந்தத் தெருவில் நாலு கடை தள்ளிப் போனால் அவன் கால் மணி நேரத்தில் லிங்க்கில் பிடித்துக் கொடுத்துவிடுவான். உங்கள் டிரைவரும் ரெண்டு மாதம் சந்தோஷமாக ஓட்டுவான். குவாரியில் வெடி வைக்கிற நேரத்தில் செட் ஊமையாகிறது என்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்க.

கன்வெர்ட்டர் வைத்து நானே மாட்டலாமே என்று கேட்க வருகிறீங்க. மாட்டலாம். வாங்கி வைத்தும் இருக்கிறேன், அந்த அலமாரியில். ஒரு தடவை ஒரு தேங்காய் லாரிக்கு மாட்ட உட்கார்ந்தேன். ஒயரைக் கையில் எடுத்ததும் நீல மருந்துச் சட்டைதான் கண்ணில் வந்தது. எழுந்துவிட்டேன். டேப், லைட், ஹாரன், எது வேண்டுமானாலும் பார்க்கிறேன். செட் மட்டும் கிடையாது. வயசாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மழை விட்டுவிட்டது. கிளம்புங்க. டப்பாவை நனைக்காமல் பிடியுங்க.

அவசரம் என்கிறீங்க, அப்படியானால் இருட்டுகிறதுக்குள் நேராக மேலே போங்க. பனிச்சுனையில் இப்போது நாலு வண்டி ஓடுகிறது. நாலுக்கும் செட்டு, பேட்டரி, ஒயரிங் எல்லாம் பார்த்துக்கொள்ள எஸ்டேட்டிலேயே ஆள் போட்டிருக்கிறார்கள். லைன் வீடும் அந்த ஆள் பேரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு ரெண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமையில் வெளி வண்டியும் பார்ப்பதாகக் கேள்வி. நாளைக்கு ஞாயிறுதான், ராத்திரி அங்கேயே தங்கிக்கொள்ளுங்க.

கேட்டில் செக்யூரிட்டி நிறுத்துவான். என்ன விஷயம், யாரைப் பார்க்கணும் என்பான். டிரைவர் பெண்டாட்டி என்று சொல்லாதீங்க. அங்கே அப்படி யாரும் சொல்கிறதில்லை, அவனுக்கும் தெரியாது.

அமலோற்பவம் என்று கேளுங்க.